பூனைக்குட்டி படம் போட்ட ஆசாமி யார் என்று கேட்டீர்களே

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஃபோனில் பேசினால் பிள்ளை காதில் விழும் என்று நீங்கள் தபாலில் போட்ட கடிதம் கிடைத்தது. பூனைக்குட்டி படம் போட்ட கணக்கிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எவனோ செய்தி அனுப்புகிறான், அப்பன் என்று ஒருவன் வீட்டில் இருக்கிறானா இல்லையா, அந்த ஆசாமியைப் பிடித்துக் காலை உடைக்காவிட்டால் நானே கிளம்பி வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடித்துவிட்டேன் அக்கா. காலை மட்டும் விட்டுவிடுங்கள். அது நான்தான்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். தொழிற்சாலையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் தீ எச்சரிக்கை மணியை அடித்துவிட்டு, முந்நூறு பேர் எத்தனை நிமிடத்தில் வெளியே வருகிறார்கள் என்று கையில் கடிகாரத்தோடு நிற்பவன். முன்கூட்டிச் சொன்னால் அது ஒத்திகையே இல்லை என்பது என் கொள்கை. அதையே வீட்டிலும் செய்தேன். பதிமூன்று வயதுப் பெண் என்று ஒரு கணக்கு தொடங்கி, 'வணக்கம். தாங்கள் எந்தப் பள்ளியில் பயில்கிறீர்கள்? தங்கள் இல்ல முகவரி யாது?' என்று கேட்டேன். சிறுமி மாதிரி எழுதியதாகத்தான் நினைப்பு. மகள் பதில் போடவில்லை. தேறிவிட்டாள் என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி கேட்டால்தானே? ஆறு நாள் விடாமல் கேட்டேன். ஏழாம் நாள்தான் உங்களுக்கு ஃபோன் போட்டு, "அத்தை, எவனோ கிழவன் பொண்ணு மாதிரி பேசுறான், பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். நாற்பத்து நான்கு வயது கிழவனா அக்கா? அது போகட்டும்.

நீங்கள் சொன்னபடி அவள் ஆசிரியையிடம் காட்ட, பள்ளியிலிருந்து என் செய்தியை அப்படியே அச்சிட்டு எல்லாப் பெற்றோருக்கும் எச்சரிக்கை அனுப்பிவிட்டார்கள். போதாததற்கு, "பாதுகாப்புன்னா உங்க துறைதானே சார், நாலு வார்த்தை பேசுங்க" என்று என்னையே கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். போனேன், அரை மணி நேரம் பேசினேன், அந்தப் பூனையை விடமாட்டேன் என்று மேசையைக்கூடத் தட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள், உங்கள் தம்பி மனைவியைத் தவிர. எச்சரிக்கைத் தாளை என் முன்னால் நீட்டி, "தாங்கள், யாதுன்னு எழுதுற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தாங்க. வீட்டுக்கு வாங்க" என்றாள்.

மகளிடம் ஒப்புக்கொண்டேன். அழுதாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நம் வீட்டு வக்கீலம்மா அல்லவா, பதில் தயாராக இருந்தது. "சொன்னா ஃபோனைப் பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டுவீங்க. போன தடவை அதைத்தானே செஞ்சீங்க?"

உண்மைதான். தானாக வந்த ஏதோ அசிங்கப் படத்தை அவளே கொண்டுவந்து காட்டினாள். காட்டியதற்குத் தண்டனை கொடுத்தவன் நான். மணி அடித்தால் யார் எந்த வாசலுக்கு ஓடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் பிள்ளை என்னைத் தாண்டி உங்களிடம் ஓடியிருக்கிறாள். வலிக்கிறது அக்கா.

இனி எது வந்தாலும் என்னிடம் காட்டு, ஃபோனைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடி அவள் கணக்கை மாற்றிவிட்டோம். நாளை பள்ளிக்குப் போய் நான்தான் பூனை என்று சொல்லப்போகிறேன். ஆக, குற்றவாளி பிடிபட்டான், ஆபத்து நீங்கியது. நீங்கள் மெனக்கெட்டு வர வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் திட்டுவதையும் வாழ்த்தாகவே எடுத்துக்கொள்ளும்,
தம்பி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பிள்ளை ஃபோனோடு வந்தாள். "அப்பா, இதுவும் நீங்கதானா?" என்றாள். ஃபோனில் அவள் ஆடும் ஏதோ விளையாட்டு வழியாக எவனோ வந்திருக்கிறான். அதிலும் செய்தி அனுப்பலாம் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் எழுதுவது போலவே எழுதி, போட்டோ அனுப்பு, வீட்டில் சொல்லாதே என்று கேட்டிருந்தான். இது நான் இல்லை அக்கா. என் கை தன்னால் ஃபோனை நோக்கி நீண்டது. அவள் அந்தக் கையையே பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளே ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள், அந்த விளையாட்டிலேயே புகார் கொடுத்தாள், அவனை பிளாக் செய்தாள். காலையில் இருவருமாகப் பள்ளிக்கும் அங்கிருந்து காவல் நிலையத்துக்கும் போகிறோம். மேலே ஆபத்து நீங்கியது என்று எழுதியதை அடித்துவிடுங்கள். வர வேண்டாம் என்றதையும் அடித்துவிடுங்கள், வாருங்கள். ஆனால் இந்த முறை அவள் முதலில் வந்து சொன்னது என்னிடம்.