மெஷினுக்குக் காவல்

அன்பு மகள் ரோஸ்விதாவுக்கு,

உல்மிலிருந்து அப்பா அல்பான் சொல்லச் சொல்ல ரொட்டிக்கடை இடா எழுதுவது. இங்கே நானும் என் பசியும் சௌக்கியம். ஹம்பர்க் மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

நீ வாங்கி அனுப்பிய பாத்திரம் கழுவும் மெஷின் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. உப்புப் போட வேண்டும் என்றாய், போட்டேன். மெஷினுக்கென்று தனி உப்பு விற்கிறது என்று எனக்கு யார் சொன்னது? சூப்புக்குப் போடும் பூண்டு உப்பைத்தான் கொட்டினேன். அன்றைக்குக் குடித்த காப்பி முழுக்கப் பூண்டு வாசம். சோப்புப் போட வேண்டும் என்றாய், தொட்டியடியில் உன் அம்மா காலத்திலிருந்து இருந்த பச்சைச் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். கதவிடுக்கு வழியாக நுரை வந்தது பார், முழங்கால் வரை வந்து, நடைபாதையைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கி, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஹேகலேயின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் ஒற்றைச் செருப்போடு மேலே வந்தார்.

"பெரியவரே, இது சமையல்கட்டா, பீர் காய்ச்சுற இடமா?"

"துணியால துடைச்சா போச்சு, ஹேகலே. தரைக்கும் நல்லதுதானே."

"தரை கிடக்கட்டும். இனிமே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. மெஷின் ஓடுறப்ப வீட்டை விட்டு இறங்கப்படாது. குழாய் பிடுங்கிக்கிட்டா என் கூரை போச்சு, இன்சூரன்ஸ்காரனும் கை விரிச்சுடுவான். மத்தியானம் ஊரே அமைதியா இருக்கிற நேரத்துல ஓட்டாதீங்க. மூணு மணிக்கு மேலதான். ஞாயித்துக்கிழமை மூச்!"

நிறையாமல் ஓட்டாதே என்று நீ வேறு சொல்லியிருக்கிறாய். ஒண்டி ஆளின் தட்டும் கோப்பையும் சேர்ந்து நிறைவது வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடுதான். வியாழனன்று பயறும் ஷ்பெட்ஸ்லே மாவு நூடுல்ஸும். அதை மறுநாள் வரை விட்டால் தட்டில் சிமெண்டாகிவிடும். ஆகவே மூன்று மணிக்கு மெஷினை முடுக்கிவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஓடுகிறது, ரோஸ்விதா! ஒரு பசு கன்று போட்டு, எழுந்து நின்று, நக்கியும் முடித்துவிடும். இவ்வளவுக்கும் தட்டுகளை நான் கழுவித்தான் உள்ளே வைக்கிறேன். அழுக்காக வைத்தால் புது மெஷின் கெட்டுவிடாதா?

வியாழக்கிழமை சாயங்காலம் மேட்டு விடுதியில் எனக்குச் சீட்டாட்டம் என்பது உனக்குத் தெரியும். நாலு பேர் இல்லாமல் அந்த ஆட்டம் நடக்காது. அடுத்தடுத்து இரண்டு வியாழன் நான் போகவில்லை. மருந்துக்கடைக்காரனை நாலாவது ஆளாகச் சேர்க்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சீட்டைப் பிடிக்கும்போதே முகத்தில் காட்டிவிடுகிற ஆள் அவன்! உன்னிடம் மறைப்பானேன், மெஷின் இல்லாவிட்டாலும் அந்த மேடு ஏற என் முட்டி இப்போது ஒப்புவதில்லை. ஆனால் அதைச் சொன்னால் அன்றோடு என் நாற்காலி போய்விடும். மெஷினுக்குக் காவல் என்று சொன்னால் மரியாதையாக இருக்கிறது, இல்லையா? அப்படியே சொல்லியனுப்பினேன்.

மூன்றாவது வியாழன் கதவை யாரோ உதைத்தார்கள். பார்த்தால் என் சீட்டுக் கூட்டாளிகள்: முன்னால் ஓய்கென், பின்னால் வெண்டலின், அவன் பின்னால் தையற்கார விதவை கிரெசென்ஸ், கையில் கூடை.

"யோவ் அல்பான்! எங்கய்யா உன் கைதி?" என்றான் ஓய்கென்.

"கைதி நான்தான்யா. மெதுவாப் பேசு, அலசிக்கிட்டு இருக்கு."

"இந்தப் பெட்டிக்கு ஒரு ஆள் காவல் போதுமா? நாலு பேர் காத்தா வீட்டுக்காரருக்கும் நிம்மதி," என்று கிரெசென்ஸ் மேசையில் சீட்டை வைத்தாள். "ஓய்கென், நீ மெஷின் பக்கம் உட்காரு. உன் சட்டைக்கைக்குள்ள போற சீட்டும் குளிச்சுட்டு வரட்டும்."

அவள் சொன்னது நியாயம். உன் ஞானஸ்நானத்தன்று ஓய்கென் தொடைக்கடியில் ஒளித்துவைத்த ஹார்ட் ராஜா எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அவன் போட்டிருந்தது பழுப்புக் கோட்டு, இடது பையில் கிழிசல்.

அதிலிருந்து வியாழன்தோறும் என் சமையல்கட்டில்தான் ஆட்டம். பிரெட்சல் ரொட்டியும் முள்ளங்கியும் தொத்திறைச்சியும் தின்று, இருக்கிற தட்டையெல்லாம் அழுக்காக்கிவிட்டுப் போகிறார்கள். ஹேகலே கூட ஒரு நாள் சத்தம் போட வந்தார். வெண்டலின் தோற்பதைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை நின்றுவிட்டுப் போனார். மான் படம் போட்ட என் பீர் குவளையிலிருந்து மான் கரைந்து போய்விட்டது, காடு மட்டும் மிச்சம். அதற்காக மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக ஓடுகிறது, பளபளவென்று கழுவுகிறது. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பெரிய பேத்திக்கு உச்சியில் ஒரு முத்தம், சின்னவளுக்கு இரண்டு, அவள்தான் என் ஜாடை. எல்லோரையும் கர்த்தர் குறைவில்லாமல் காப்பாராக.

உன் அப்பா,
அல்பான்

பி.கு.: மெஷின் செத்து மூன்று வாரமாகிறது. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது, வேறொன்றும் அசைவதில்லை. மெக்கானிக் யாரையும் அனுப்பிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். சீட்டாட வந்தவர்கள் போன பிறகு தட்டுகளை நானே கழுவி வைத்துவிடுகிறேன். இடா வெளியே சொல்ல மாட்டாள். போன வியாழன் கிரெசென்ஸ் மெஷின் கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "இன்னிக்கு ரொம்பச் சத்தமில்லாம ஓடுது, இல்ல?" என்றாள். "நல்ல மெஷின், சத்தமே வராது," என்றேன். "அப்படின்னா கண்ணை எடுக்கவே கூடாது. சத்தம் போடாததைத்தான் நல்லாக் காக்கணும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.