முப்பது வீட்டு டக் டக்

இடுப்பு கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. ஆறு நாள் கிடங்கில் மூட்டை தூக்கியவனுக்கு ஏழாம் நாள் தூக்கம் கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது வரிசை. அக்காவின் டி.வி. ரெக்கார்டர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிஞானியின் வாசலில் பதினேழாவது ஆளாக நின்றேன். பக்கத்தில் அக்கா.

எல்லார் கையிலும் பெட்டி. தடுப்பூசிக்குக் கொண்டுவந்த பிள்ளையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"எங்க வீட்டு ஆவி நேத்து நாலு தரம் தட்டுச்சு."

"நாலுதானா? எங்க வீட்டுது நிறுத்தவே மாட்டேங்குது!"

ஆவியிலும் அடுத்த வீட்டுக்காரனை ஜெயிக்க வேண்டாமா?

விஷயம் இதுதான். எங்கள் குடியிருப்பில் முப்பது வீடு, எல்லாம் ஒரே கிடங்கில் வேலை பார்க்கிற குடும்பங்கள். மூன்று வருஷத்துக்கு முன் போனஸ் கேட்டோம். முதலாளி வீட்டுக்கொரு ரெக்கார்டர் பெட்டி கொடுத்தார். நிகழ்ச்சியைப் பிடித்து, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். வேலை முடிந்து வந்து பார்க்கலாம். இந்த மாதம் இருபத்தொன்பது பெட்டிகள் உள்ளிருந்து டக் டக் என்று தட்ட ஆரம்பித்தன. படம் வரவில்லை. ஒரே கடையில் வாங்கிய பெட்டி எல்லாம் ஒரே மாதத்தில் கெடுகிறதே என்று யோசித்தோமா? யோசிக்கிறதுக்கு நேரம் ஏது? ஞானியிடம் ஓடவே நேரம் சரியாக இருந்தது.

மூடிக் கிடந்த குடைக்கடையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருந்தார் ஞானி. டி.வி.யில் முகம் காட்டிவிட்டுச் செத்தவர்களின் ஆவி பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு தட்டுகிறதாம். பெட்டியை வெல்வெட் துணி போட்ட மேசையில் வைத்துத் தன் டி.வி.யோடு இணைப்பார். துணிக்கடியிலிருந்து வரும் தன் 'ஞானக்கம்பி'யை அதில் செருகுவார். கண்ணை மூடுவார். தட்டல் நிற்கும், படம் வரும், காசு போகும். வீட்டுக்குப் போய் நம் அடாப்டரை, அதாவது சுவரில் செருகும் அந்தக் கறுப்புக் கட்டையை, மாட்டினால் மறுபடி டக் டக். "ஆவி உங்க பின்னாலயே வந்துடுச்சு" என்பார்.

ஒரு கட்டளையும் உண்டு. ஒரு வீட்டு அடாப்டரை இன்னொரு வீட்டுப் பெட்டிக்கு மாட்டக் கூடாது. மாட்டினால் ஆவி வீடு மாறும். உப்பு, கத்தரிக்கோல், ஏணி, கைக்குழந்தை என்று எதையும் கைமாற்றாய்க் கொடுத்து வாங்குகிற குடியிருப்பில் அடாப்டரை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை.

மூன்று தரம் ஓட்டியும் போகாத ஆவிக்கு 'விமோசனம்'. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஞானியே வைத்துக்கொள்வார். இன்று அக்காவுக்கு நாலாம் தரம்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவையில் துணி தேய்க்கிறவள். அவள் பெட்டிக்குள் செத்துப்போன மாமா பதினோரு வினாடி இருக்கிறார். அவரும் எங்கள் கிடங்குதான். வேலைநிறுத்தத்தின்போது அவர் பேசியது செய்தியில் வந்தது. "முதல்ல கக்கூசுக்குக் கதவு போடுங்கய்யா!" அவ்வளவுதான் வசனம். மாமாவின் குரல் வேறெங்கும் இல்லை. அக்கா தினமும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பாள், சிரிப்பாள்.

"கழட்டிட்டா அவரு போயிடுவாரேடா."

"உள்ள தவிக்கிறாருன்னு ஞானி சொல்றாரேக்கா." சொன்னது நான்தான். மூட்டை தூக்கும் தலை, வேறென்ன வரும்?

"கக்கூசுக்கே கதவு கேட்ட மனுஷன். பெட்டிக்கும் கதவு கேட்டுத் தட்டுறாரோ என்னவோ" என்று கண்ணைத் துடைத்தாள்.

எங்கள் முறை வந்தது. ஞானி திருப்புளியை எடுத்தார். அப்போதுதான் எதிர்வீட்டு லாரிக்காரி உள்ளே வந்தாள். தட்டாத ஒரே பெட்டி அவளுடையது. "அந்த வீட்டுக்குள்ள ஆவியே போகப் பயப்படும்" என்று ஞானி விளக்கியிருந்தார். நாங்களும் அவள் குரலை நினைத்து ஒப்புக்கொண்டோம். அவள் ஒரு கையில் அக்கா வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கி வந்த அடாப்டர், மறுகையில் தன்னுடையது.

"ஏம்மா, பேட்டரி இறங்கின லாரியில சாவி திருப்பினா எப்படிச் சத்தம் வரும்?" என்று அக்காவைக் கேட்டாள்.

"டக் டக்குன்னு வரும்."

"அதுக்குள்ள எந்தப் புருஷன் உக்காந்திருக்கான்?"

வரிசை சிரித்தது. ஞானி சிரிக்கவில்லை. "தொடாதே! ஆவி கை வழியா ஏறும்!"

"ஏறட்டுமே. எட்டு டன் ஏத்துறவ நான். இது என்ன கனம்?"

ஞானக்கம்பியைப் பிடுங்கிவிட்டு அக்காவின் அடாப்டரை மாட்டினாள். டக் டக். "பாத்தீங்களா, வந்துட்டாரு!" என்றார் ஞானி. அதைக் கழற்றித் தன்னுடையதை மாட்டினாள். கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குள் டிஸ்க் அமைதியாகச் சுழன்றது. திரையில் மாமா: "முதல்ல கக்கூசுக்குக் கதவு போடுங்கய்யா!"

மூன்று தரம் மாற்றி மாற்றி மாட்டினாள். மாமா மூன்று தரம் பேயானார், மூன்று தரம் மனுஷரானார்.

"உங்க அடாப்டர் எல்லாம் ஒண்ணா வந்தது, ஒண்ணா தளர்ந்துடுச்சு. கரண்டு பத்தலைன்னா டிஸ்க்கு சுத்த எந்திரிக்கும், முடியாம உக்காரும். அந்தச் சத்தம்தான். இவன் இடுப்பு மாதிரி" என்று என்னைக் காட்டினாள். "என் அடாப்டரைப் போன வருஷம் நாய் கடிச்சிடுச்சு. புதுசு வாங்கினேன். அதான் என் வீட்டுல ஆவி இல்லை."

வெல்வெட்டை உருவினாள். ஞானக்கம்பியின் மறுமுனையில் கடைச் சீட்டுகூடக் கிழிக்காத புது அடாப்டர். மேசைக்கடியில் செருப்பு அட்டைப்பெட்டி. உள்ளே விமோசனம் அடைந்த ஒன்பது டிஸ்க்குகள், ஒவ்வொன்றிலும் விலை எழுதி.

"அது... ஆவிங்க தங்குற இடம்."

"தங்குற இடத்துக்கு எதுக்குய்யா விலைச் சீட்டு?"

ஞானி பின்வாசல் வழியே ஓடினார். அவருக்கு மட்டும் எப்போதும் ஒரு கதவு இருந்திருக்கிறது.

ஒன்பது டிஸ்க்குகளும் வீடு திரும்பின. போன காசு போனதுதான். ஒருவர், ஒரே ஒருவர், பெட்டி தட்டாத அந்த ஒரு வீட்டு அடாப்டரை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கியிருந்தால் போதும். அடுத்த முறை வீட்டில் எது தட்டினாலும், ஞானி வீட்டுக் கதவுக்கு முன்னால் உங்கள் மண்டையைத் தட்டிப் பாருங்கள். ஆள் இருந்தால் பதில் வரும்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மாமா கதவு கேட்கிறார். லாரிக்காரிக்கு நாங்கள் ஓர் அடாப்டர் கடன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.