மூன்று வார ஓய்வும் ஒரு ஜோடி ஷூவும்

பட்டினப்பாக்கம்,
திங்கட்கிழமை மாலை

மதிப்பிற்குரிய கதிரேசன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் தமிழ்மொழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா நலம். லாரியில் போயிருக்கும் அப்பா நேற்று ஃபோன் செய்தவரை நலம். என் கால்கள் நலமாக இல்லை. அங்கே நீங்களும், நீங்கள் காவல் காக்கும் எல்லையும் நலமாக இருக்க வேண்டும். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுகிறார். அதனால்தான் தபால்.

முதலில் நான் கவனித்தது மணல். போன வியாழக்கிழமை காலை, வாசலில் இருந்த என் இடது ஷூவைத் தற்செயலாக எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. ஈர மணல். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மணலைப் பார்த்துப் பயப்படுகிறாளே என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு நான் ஓடுவதை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது.

ஏன் நிறுத்தினேன் என்றால், அதில் தப்பு என்னுடையதுதான். ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வுக்கு வாரத்தில் ஐந்து நாள் ஓடு, இரண்டு நாள் ஓய்வு எடு என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஓய்வெல்லாம் வேலை கிடைத்தவர்களுக்கு, பத்தாவதோடு நின்று புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவளுக்கு எதற்கு என்று நான் ஏழு நாளும் ஓடினேன், அதுவும் இரண்டு வேளை. காலையில் மணலில் ஓடினேன், சாயங்காலம் சிமென்ட் நடைபாதையில் ஓடினேன். ஒருநாள் அங்கே நடக்க வந்த ஒருவர், "சூப்பர்மா, அப்டியே போ!" என்று கத்தினார். அந்த வெட்கத்தில் அவர் கண்ணில் படாமல் போவதற்காக ஓடிய அந்த ஓட்டத்தில்தான் ஆயிரத்து அறுநூறு மீட்டரை முதல்முறையாக எட்டு நிமிடத்துக்குள் முடித்தேன். மறுநாளிலிருந்து முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தில், காலுக்குள் பல் முளைத்து அது சொத்தையானதுபோல ஒரு வலி. படி இறங்கும்போது உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவதுபோல இருக்கும். அதையும் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் எலும்பை அழுத்தி "வலிக்குதா?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது என்று "இல்லை" என்றேன். அவர் இன்னும் அழுத்தினார். நான் மேஜையை விட்டு எழும்பிய உயரத்தைப் பார்த்தால் தேர்வில் உயரம் தாண்டுதலில் எனக்குக் கவலையே வேண்டாம். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்றார். "மூணு வாரம் ஓடக் கூடாது. மெதுவா நடக்கலாம், ஐஸ் வைக்கலாம். மீறி ஓடினா எலும்புல விரிசல் விழும், அப்புறம் இந்தத் தேர்வையே மறந்துடணும்" என்றார். தேர்வு அடுத்த மாதம் இருபதாம் தேதி. கணக்குப் பார்த்தால், மூன்று வாரம் ஒழுங்காக ஓய்வெடுத்தால் பிழைத்துக்கொள்வேன்.

ஒழுங்காகத்தான் இருந்தேன் மாமா. ஐஸுக்கு வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் அம்மா மீன் விற்கும் இடத்திலிருந்து வாங்கி வந்தார். அந்த ஐஸை வைத்த நாளிலிருந்து என் கால் வஞ்சிரம்போல மணக்கிறது. மூன்று பூனைகள் நான் போகும் இடமெல்லாம் வருகின்றன. நான் உட்கார்ந்தால் அவையும் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்க்கின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலையும் ஷூ நனைந்திருந்தது, உள்ளே சூடாகவும் இருந்தது. விரல் பக்கம் ஏதோ தட்டுப்பட, இழுத்துப் பார்த்தால், நான் புடவைக்கு வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணியில் ஒரு துண்டு, பச்சை நிறம், சுருட்டி அடைத்திருந்தது. என் ஷூவை என் துணியால் அடைத்துப் போட்டுக்கொண்டு யார் ஓடுகிறார்கள்? அம்மாவிடம் காட்டினேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "எலி இஸ்துக்கினு போயிருக்கும்டி" என்றார். எலி எப்போது லேஸ் கட்டக் கற்றுக்கொண்டது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கீழ்வீட்டு ஹாஜிரா பீ ஆன்ட்டியை உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ, காலு சரியில்லன்னு உங்கம்மா சொல்லுது. காலங்காத்தால என் தல மேல தடதடன்னு எறங்கிப் போறே?"

"நான் ஓடறதே இல்ல ஆன்ட்டி."

"நீ ஓடலன்னா உன் ஷூவா ஓடுது?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவரும் நிறுத்திவிட்டார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்தா புள்ள, ஒண்ணும் பயப்படாத" என்று வீட்டுக்குள் போய் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு ஷூவிலும் ஊற்றினார். தெளித்தால் போதுமாம். அவர் பயத்தில் பாதிப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா செங்கல்பட்டில் ஒரு வளைகாப்புக்குப் போனார். மறுநாள் மத்தியானம்தான் வந்தார். நான் தனியாக இருந்தேன். ஷூவை வீட்டுக்குள் எடுத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். ஞாயிறு காலை விழித்தபோது தாழ்ப்பாள் திறந்திருந்தது. ஷூ வாசலில், இரண்டும் சேர்ந்து, கடலைப் பார்த்தபடி நின்றது. உள்ளே துணி இல்லை. மணல் மட்டும், மற்ற நாட்களைவிட இரண்டு மடங்கு. என் பாயிலும் மணல். கதவு திறந்திருந்ததால் பூனைகள் வந்து புரண்டிருக்கும். கரண்ட் வேறு போயிருந்ததுபோல. தலைமுடி வரை வேர்த்து நனைந்து, அப்படியொரு தாகம், ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். பூனைகள் மூன்றும் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கும் மூச்சு வாங்கியது.

இன்று டாக்டரிடம் போனோம். எலும்பை மெல்லத் தொட்டுவிட்டு, "நேத்து ஓடினியா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். "உன் கால் ஓடினேன்னு சொல்லுதே" என்றார். அம்மா அவசரமாக, "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார், அது பாவம் பாயிலயே கீது" என்றார். இன்னும் ஒருமுறை இப்படி வீங்கினால் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஷூ ஓடினால் கால் ஏன் வீங்குகிறது? ஷூ படும் பாடு காலுக்கு வருகிறது என்றுதான் தோன்றுகிறது. அது நம் கையில் இல்லாத விஷயம். ஆகவே நான் தேர்வுக்குப் போகப்போவதில்லை. மிலிட்டரி கேன்டீனில் தேடிப்பிடித்து ஷூ வாங்கி அனுப்பிய உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து எனக்காக விடுப்பு எடுத்து வர வேண்டாம்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொன்னார். அம்மன் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
தமிழ்மொழி

பி.கு. செவ்வாய்க்கிழமை காலை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள் மாமா. பேயும் இல்லை, எலியும் இல்லை. இன்று ஐந்து மணிக்கு விழிப்பு வந்து கதவைத் திறந்தால், அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் ஷூவில் பச்சைத் துணியை அடைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர்தான் அலறினார். விஷயம் இதுதான்: நான் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒருநாள் விடாமல் ஓடுவேன் என்று அம்மா தெருமுனை அம்மனிடம் எனக்கே தெரியாமல் வேண்டிக்கொண்டிருக்கிறார். இருபதாவது நாளில் டாக்டர் நிறுத்திவிட்டார். "காவடி எடுக்க முடியாத புள்ளைக்கு அவங்கப்பன் எடுக்கறதில்ல? அந்த மாதிரிதான்டி. உன் காலு போவாட்டி இன்னா, உன் ஷூ போனா அம்மன் ஒத்துக்கும்" என்றார். நான் சிரித்தேன், அம்மாவும் சிரித்தார், கீழே ஹாஜிரா பீ ஆன்ட்டி விளக்கைப் போட்டார். தேர்வுக்குப் போகிறேன், நீங்கள் அவசியம் வாருங்கள் என்று எழுதத்தான் இந்தப் பின்குறிப்பை ஆரம்பித்தேன்.

எழுதும் முன் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுல இருந்து எப்பம்மா வந்து ஓடுன?"

"ஞாயித்துக்கிழமையா? அன்னிக்கு நான் எங்கடி ஓடுனேன்? பந்தியில உக்காந்து துன்னுக்கினு இருந்தேன். ஒரு நாள் விட்டுப்போச்சேன்னு அம்மன் கைல மாப்பு கேட்டுக்கினேன்." பிறகு என் காலைப் பார்த்தார். "ஏன்டி?"

பாயை எடுத்து உதறினேன். தலைமாட்டில் இல்லை, நடுவில் இல்லை. மணல் கால்மாட்டில் மட்டும் கொட்டியது.

இனி இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று லேஸால் முடிச்சுப் போட்டு, இந்தக் கடிதத்தை இடது ஷூவுக்குள் வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, துணி சுற்றித் தைத்து, உங்கள் யூனிட் முகவரியை எழுதப்போகிறேன். தபால் நிலையத்துக்கு நடந்தே போவேன், மெதுவாக.