சுவரைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு

நேர்மை இன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று தராசு முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். அதற்குப் பிறகு நேர்மை வந்து என்ன பயன்?

தராசு என்பது குடியிருப்பில் அவருக்கு வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க வேலை. அந்தக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். வீட்டில் மின்விசிறியின் வேகத்தைக்கூட அவர் தீர்மானிப்பதில்லை. அலுவலகத்தில் தலைக்குமேல் ஒரு தலை உண்டு. அவர் சொன்னால் ஆள் அசைகிற ஒரே இடம் அந்தக் குழு. அந்தப் பதவிக்குத்தான் இப்போது மூன்றாம் மாடி பல் டாக்டர் போட்டியாக நிற்கிறார்.

"குழுவுல மரியாதையில்லாம பேசுறவங்களை விடப்போறதில்லை," என்றார் மனைவியிடம். "லேசான பேச்சுக்கு எச்சரிக்கை. அவமானப்படுத்தினா ஒரு மாசம் வெளியே. வெளியே இருக்கிறவர் தேர்தல்ல நிக்க முடியாது."

"டாக்டர் நிக்கிறாராமே?"

"யார் நிக்கிறாங்கன்னு சட்டத்துக்குத் தெரியாது."

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லதுங்க. லிப்டுல ஏறினா எல்லாரும் தரையைப் பாக்கறாங்க. என்கூடப் பேச்சே இல்லை. தையல்காரம்மா என் ஜாக்கெட்டைத் தைக்காமலே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"எல்லாம் டாக்டர் பண்ற விஷமம். இன்னிக்கு முடிச்சுடறேன்."

"ஆனா ஜனங்க என்ன சொல்வாங்க? ஆளைப் பாத்துத் தண்டிச்சார்னு சொல்ல மாட்டாங்களா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளே வழி சொன்னாள். குழுவுக்கு வந்த செய்திகளை அவர் பார்க்கவே வேண்டாம். அவருடைய போனை வைத்துக்கொண்டு அவள் வாசிப்பாள், பேர் சொல்ல மாட்டாள். பேச்சை மட்டும் கேட்டு அவர் தீர்ப்புச் சொல்வார்.

தராசுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்லைத்தான் பார்க்க வேண்டும், கடைக்காரனைப் பார்க்கக் கூடாது என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறவர். தவிர, டாக்டரின் திமிரைப் பேர் இல்லாமலே அடையாளம் கண்டுபிடிக்க முடியாதா என்ன? முதலில் குழுவில் அறிவிப்புப் போட்டார்: தீர்ப்பு அட்மினுடையது, எல்லோருக்கும் ஒன்று, மறுபரிசீலனை கிடையாது. போனை மனைவி கையில் கொடுத்தார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரித்தான் இருந்தது. அவருக்கு மட்டும் சிம்மாசனமாகத் தெரிந்தது.

"முதல் செய்தி," என்றாள் மனைவி. "லிப்ட் மெதுவாப் போகுதுன்னு ஒருத்தங்க சொன்னதுக்குப் பதில். 'மெதுவாகப் போனால் என்ன, நின்று யோசிக்க நேரம் கிடைக்கிறதே. எல்லோரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம்.'"

"ஆகா. யாரு இது? தங்கமான மனுஷன். இப்படி ஒருத்தர் இருந்தா குழுவே உருப்படும். நான் சொன்னதை அப்படியே குழுவுல போடு."

"போட்டாச்சு. அடுத்தது. 'நேற்றுப் பிறந்தவனெல்லாம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.'"

"பாத்தியா! திமிரு. எச்சரிக்கை!"

"அவசரத்துல எழுதியிருக்கலாமேங்க."

"அவசரம்னா வாயை மூடிட்டு ஓடணும். எழுதக் கூடாது. போடு எச்சரிக்கை."

"போட்டாச்சு. இது தையல்காரம்மாவுக்கு வந்தது. 'உங்கள் மெஷினைவிட உங்கள் வாய்தான் அதிகமாக ஓடுகிறது. அதற்கு முதலில் எண்ணெய் போடுவதை நிறுத்துங்கள்.'"

தராசு நாற்காலியோடு துள்ளினார். டாக்டர் மாட்டிக்கொண்டார்! பொம்பளையிடம் இப்படிப் பேசக் கூடியவர் அந்தக் கட்டடத்தில் வேறு யார்?

"ஒரு மாசம் வெளியே!"

"நல்லவர்தாங்க. வாய் மட்டும்தான் கொஞ்சம்…"

"வாய் மட்டும்தான் குழுவுக்கு வருது. நல்ல மனசையெல்லாம் வீட்டுல வச்சுட்டுத்தானே வரான்?"

"வீட்டுலயும் அதிகமா வைக்கலைன்னு கேள்வி."

"அப்ப அவன் பொண்டாட்டியை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

"ஆமாங்க," என்றாள் மனைவி. "பாவம்தான். யோசிச்சுச் சொல்லுங்க. வெளியேவா?"

"வெளியே. இந்த நிமிஷமே. என் கையாலே நீக்கின மாதிரி."

போன் ஒரு முறை சிணுங்கியது. தராசு நாற்காலியைத் திருப்பினார். மனைவி போனை நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். தையல்காரம்மாவுக்கான செய்தி அவருடையதாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் அவருடையதே. எழுதும்போது இரண்டும் எவ்வளவு நியாயமாக இருந்தன! தங்கமான மனுஷன்தான் பல் டாக்டர். கீழே, மனைவி அட்மின் ஆக்கப்பட்டிருந்தாள். அதற்கும் கீழே, அவர் இப்போது இந்தக் குழுவில் இல்லை.

"அது வேற சூழ்நிலைடி! அந்தம்மா என்னைப் பாத்து…"

"சூழ்நிலை கேக்கறதுக்கு நடுவுலயே இடம் குடுத்தேனேங்க. நீங்கதான் வேண்டாம்னீங்க."

"என்னைத் திரும்பச் சேத்துடு."

"மறுபரிசீலனை கிடையாதுன்னு உங்க அறிவிப்பு மேலேயே இருக்கே."

அவர் மனைவியின் போனை எட்டிப் பார்த்தார். குழு கொந்தளித்துக்கொண்டிருந்தது, நல்ல விதத்தில். தையல்காரம்மா கும்பிடு போட்டிருந்தாள். தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்ட அட்மினை எங்கே பார்க்க முடியும் என்று ஐந்தாம் மாடி உருகியது. கடைசியாக டாக்டர் எழுதியிருந்தார்: "இவரைப் போன்ற நேர்மையாளரை எதிர்த்து நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழு சம்மதித்தால் அவர் தண்டனையை ரத்து செய்து, அவரையே தொடரச் சொல்லலாம். நான் விலகிக்கொள்கிறேன்."

தராசுக்குக் கண் கலங்கியது. தோற்ற இடத்திலேயே ஜெயித்துவிட்டார். நேர்மைக்கு இத்தனை பலம் உண்டு என்று தெரிந்திருந்தால் முன்பே கொஞ்சம் வைத்துக்கொண்டிருப்பார்.

"சீக்கிரம்! சம்மதம்னு என் சார்புல ஒரு வரி போடு."

மனைவி பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"'தீர்ப்பு தீர்ப்புதான், டாக்டரே நிக்கட்டும்'னு நீங்க கண் கலங்கிக்கிட்டிருந்தப்பவே உங்க சார்புல போட்டாச்சே. எல்லாரும் கை தட்டிக்கிட்டிருக்காங்க, பாருங்க."