மலையேறிய பாராசூட் பை

நடக்கத் தெரியாதவன்தான் நடைக்கு வேண்டிய சாமான்களைப் பற்றி அதிகம் யோசிப்பான். நடக்கத் தெரிந்தவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். நான் எந்த ரகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு பை வாங்குவதற்காக அரியலூரில் ரயிலேறித் திருச்சிக்குப் போனவன் நான்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். தாலுகா ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. பின்னாலிருந்து பார்த்தால் சட்டை மட்டும் தனியாக நடந்து போவதுபோல இருக்கும், அப்படியொரு உடம்பு. என் தாய்மாமாவின் மகள் கமலத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கமலத்துக்கும் அப்படித்தான் (என்று நம்பினேன், இப்போது கேட்டால் சிரித்து மழுப்புகிறாள்). மாமாவுக்குத்தான் மனசில்லை. அம்மா பேச்சை எடுத்ததும் பட்டென்று உடைத்துவிட்டார்.

"அக்கா, உம்மவன் ஒரு குடம் தண்ணி தூக்குனா மூணு எடத்துல எறக்கி வைக்கிறான். குடும்பத்த எப்படித் தூக்குவான்? பங்குனி உத்திரத்துக்கு எங்க காவடிக் கூட்டத்தோட செட்டிகுளத்துக்கு நடந்து வரட்டும். வழியில வண்டியில ஏறாம மலை ஏறிட்டான்னா, அப்பறம் பேசிக்கலாம்."

பெரம்பலூர் வழியாக இரண்டு நாள் நடை. காவடி எடுப்பவர்கள் எடுப்பார்கள், மற்றவர்கள் சும்மா கூட நடக்கலாம். அரிசி பருப்பை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி பின்னால் வரும். அந்த வண்டியில் நான் ஏறினால் கமலம் எனக்கில்லை. அதனால் முதுகுச் சுமையைக் குறைத்துவிட்டால் பாதி மலை ஏறினமாதிரி என்று கணக்குப் போட்டேன்.

திருச்சியில் பட்டாளத்தில் கழித்த சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. போய் நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதுகில் மாட்டும் பைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன! ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒன்று தோலில் செய்தது, வெறும் பையே ஆட்டுக்குட்டி கனம். இன்னொன்று கித்தான், முதுகில் ஏறியதுமே என்னைப் பின்னால் சாய்த்தது. கடைக்கார பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் வெள்ளையாக ஒன்றைக் கொண்டுவந்தார்.

"தம்பி, இது பாராசூட் துணி. நம்ம டெய்லரே தச்சது. ஆகாசத்துலேருந்து குதிக்கிற ஆளையே தாங்குற துணி, உங்க ரெண்டு வேட்டியத் தாங்காதா? துணிக்கு நான் ஜவாப்தாரி."

கையில் வாங்கினேன். கனமே இல்லை! உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ரயிலில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்தவரிடமும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பாவம், அவர் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

அதோடு விட்டேனா? துண்டைப் பாதியாகக் கிழித்தேன். சோப்பைப் பாதியாக அறுத்தேன். சீப்பில் ஒரு பாதியை உடைத்துப் போட்டேன். "தலையையும் பாதியா வெட்டிட்டுப் போடா, இன்னும் கனம் கொறயும்" என்றாள் அம்மா.

புறப்படுகிற நாள் வந்தது. அரியலூர்க் கோயிலில் மேளம் பிளக்கிறது, சாம்பிராணிப் புகையில் பக்கத்து ஆள் தெரியவில்லை. காவடிகளை வரிசையாக மணைப்பலகைமேல் வைத்திருந்தார்கள். மாமா கண்ணில் என் பை பட வேண்டுமே! நான் அதைக் கொண்டுபோய் முதல் காவடிக்குப் பக்கத்தில் கம்பீரமாக வைத்தேன். பூசாரி வரிசையாக வந்தார். விபூதி பூசினார், மஞ்சள் துணியில் காப்புக் கட்டினார், வேப்பிலை செருகினார். நான் "ஐயா, அது..." என்று வாயெடுப்பதற்குள் என் பைக்கும் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

"ஐயா, அது என்னோட பைங்க."

"இருந்துச்சு. இப்ப அது சாமியோட காவடி" என்றார் பூசாரி. "மலையில எறக்குற வரைக்கும் மண்ணுல வைக்கக் கூடாது. வண்டியில ஏத்தக் கூடாது. உள்ள போடலாம், எடுக்கக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தின் விபரீதம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. கையை வீசிக்கொண்டு, துள்ளிக்கொண்டு, மாமாவையே முந்திக்கொண்டு நடந்தேன்!

முதல் ஊர் வந்ததும் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் காலில் ஊற்றினார்கள். ஓர் அம்மாள் படி அரிசியோடு காவடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மற்றக் காவடிகளில் மயிலிறகு இருந்தது, மணி இருந்தது. வாய் என்று ஒன்று இருந்தது என் காவடிக்கு மட்டும்தான்.

"அடியே, இந்தக் காவடியில போடறதுக்கு எடம் வெச்சிருக்காங்கடி!" என்று அவள் கூவியதுதான் தாமதம். அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாம் விழுந்தன. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சாமிக்குக் கொடுப்பதை மறுக்க நான் யார்?

குன்னம் பக்கத்திலிருந்து ரோட்டுக்கு வந்து காத்திருந்த ஒருவர், முதல் அறுவடை என்று சொல்லி அன்னதானத்துக்கு ஒரு கூடை வெங்காயத்தைக் கவிழ்த்தார். என் பாதித் துண்டும் பாதிச் சோப்பும் அடியில் எங்கேயோ சமாதியாகிவிட்டன. வியர்வையைத் துடைக்கக்கூட வழியில்லை. பெரம்பலூரில் மற்றவர்கள் காவடிகளைத் தாங்கியில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். என் பை தாங்கியில் நிற்கவில்லை, சரிந்து சரிந்து மண்ணில் விழப் பார்த்தது. அதனால் முதுகில் சுமந்தபடியே நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் செட்டிகுளம் நெருங்க நெருங்கக் கரும்பு வந்தது. (அந்த மலை முருகன் கையில் கரும்பு வைத்திருப்பவர்.) ஒருவர் முழுக் கரும்பையே பைக்குள் செருகினார். அடுத்தவர் ஒரு சேவலைக் காலைக் கட்டி உள்ளே இறக்கினார். அது தலையை வெளியே நீட்டி என் காதை நெல்மணி என்று நினைத்துக் கொத்தியது.

மாமா பக்கத்தில் வந்தார். மீசைக்குள் சிரிப்பு.

"என்னடா, பை லேசா இருக்கா?"

"இருக்குங்க மாமா" என்றேன். கண்ணில் பூச்சி பறந்தது.

மலையடிவாரத்தில் மாட்டுவண்டி நின்றுவிட்டது. வண்டி ஆபத்து தீர்ந்தது, இனி படிதான் பாக்கி! கமலத்தை நினைத்துக்கொண்டு "அரோகரா" என்று கத்தியபடி ஏறினேன். மாமா எனக்குப் பின்னால் வந்தார். பாதி மலையில் முதுகில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். துணி கிழியவில்லை, பாய் சொன்ன சொல் பொய்க்கவில்லை. அடித்தையல்தான் பிரிந்துவிட்டது. வெங்காயம் படிப்படியாகத் தாவி இறங்கியது. ஒரு தேங்காய் கீழே வந்துகொண்டிருந்த நாதஸ்வரக்காரர் காலடியில் போய் உடைந்தது. சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் மலையேறிவிட்டது.

"காவடி மண்ணுல விழுந்தா தெய்வக் குத்தம்! பிடிங்க, பிடிங்க!" என்று சனம் அலறியது.

பிடிக்க எட்டும் தூரத்தில் இருந்தவர் மாமா ஒருவர்தான். இரண்டு கையையும் பைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிவிட்டார். பிடித்தவர் விட முடியுமா? மேலே நான் இழுக்க, கீழே அவர் ஏந்த, இருவரும் ஒட்டிக்கொண்டு மீதிப் படி முழுவதும் ஏறினோம்.

"படுபாவி... லேசான பையாம்... லேசான பை!" என்று மாமா படிக்குப் படி மூச்சு வாங்கினார்.

சன்னிதியில் குருக்கள் எங்களைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "மாமனாரும் மருமகனுமா சேர்ந்து சுமந்துண்டு வந்திருக்கேள்! எத்தனை விசேஷம்!" என்று ஒரே மாலையை எங்கள் இரண்டு கழுத்துக்கும் சேர்த்துப் போட்டார்.

"சாமி, இவன் இன்னும் எனக்கு..." என்று மாமா ஆரம்பித்தார். கூட்டம் போட்ட அரோகராவில் மிச்சம் அமுங்கிவிட்டது. சன்னிதியில் விழுந்த வார்த்தையை அப்புறம் மாற்ற மாமாவுக்குத் தைரியம் வரவில்லை. வைகாசியில் கல்யாணம்.

அன்றைக்கு மாமா பையைக் கீழே பிடித்த பேச்சு இன்னும் எங்கள் வீட்டில் ஓயவில்லை. போன வருஷம் என் மகளைக் கட்டியவர் முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். பெரிய தோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் திணறிக்கொண்டிருந்தார். கமலம் சமையல் கட்டிலிருந்து என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்ன வேடிக்கை பாக்குறீங்க? போய்க் கீழ பிடிங்க!"

எழுந்து ஓடினேன்.