ஒரு மாதம் திறக்கக் கூடாத பேட்டரி

லேப்டாப் பேட்டரியை எல்லோரும் வாங்குவார்கள். மின்மகான் என்கிற சாமியாரிடம் மட்டும் யாரும் வாங்குவதில்லை. "பெறுகிறார்கள்." அவருடைய இணையதளத்தில் "வாங்கு" என்ற பொத்தானே கிடையாது. "பெற்றுக்கொள்" என்றுதான் இருக்கும். அழுத்தினால் பணம் போய்விடும்.

மற்ற தளங்களில் மாடல் எண் கேட்பார்கள். இவர் உங்கள் பெயரைக் கேட்பார், பிறந்த கிழமையைக் கேட்பார், அண்மையில் யார் மீதாவது கோபப்பட்டீர்களா என்று கேட்பார். மாடல் எண்ணும் உண்டு, கடைசியில், பொடி எழுத்தில். பிறகு பேட்டரிக்கு உங்கள் பெயரில் உயிரேற்றி, வெள்ளித்தாள் சுற்றி அனுப்புவார். விலை மூன்று மடங்கு. உயிர் என்ன சும்மாவா வரும்?

பெட்டியின் மேல் ஓர் எச்சரிக்கை: "ஒரு மாதம் பிரிக்காதீர்கள். பிரித்தால் உயிர் போய்விடும். சந்தேகப்பட்டாலும் போய்விடும்."

நானும் ஒன்று பெற்றேன். நான் மின்சாதனங்களுக்குப் பயனர் கையேடு எழுதுகிறவன். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்று எழுதியே சோறு தின்கிறேன். அதை ஒருவரும் படிப்பதில்லை. அதனால் எங்கே எச்சரிக்கையைப் பார்த்தாலும், எழுதியவன் மேல் இரக்கப்பட்டாவது கடைப்பிடித்துவிடுவேன்.

பேட்டரி என் தங்கைக்கு. மருந்துக்கடையில் உதவியாளராக இருக்கிறாள். மருந்தாளுநர் உரிமத் தேர்வை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும். நடுவில் அணைந்தால் அவ்வளவுதான், இனி அடுத்த வருடம். எங்கள் தெருவில் மின்சாரம் வரும், போகும், சொல்லிக்கொள்ளாது. இணையம் கைபேசியில் கிடைத்துவிடும். அவளுடைய பழைய பேட்டரிதான் வயரைப் பிடுங்கியதுமே கண்ணை மூடிவிடும்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேட்டரி வாங்கச் சொன்னா முட்டை வாங்கிட்டு வந்திருக்கியா? ஒரு மாசம் அடைகாக்கணுமாம்!"

"கத்தாதே. கேட்டுடப் போகுது."

"யாருக்கு?"

"பேட்டரிக்கு."

பெட்டியை என் கையில் திணித்தாள். "தேர்வு அடுத்த வாரம்ணா" என்றாள்.

மின்மகான் ஞாயிறுதோறும் ஓர் அரங்கில் தரிசனம் தருவார். சீக்கிரம் பிரிக்கத் தனி அனுமதி கேட்கலாம் என்றேன். உடனே கிளம்பிவிட்டாள். லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டாள். ஆசி வாங்கத்தான் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

அரங்கு நிரம்பி வழிந்தது. பிறந்த குழந்தையை வைத்திருப்பது போல ஆளுக்கொரு பெட்டி மடியில். பக்கத்து நாற்காலியில் ஒரு புகைப்படக்காரர்.

"போன தடவை எனக்கு ஓடலைங்க. தப்பு என் மேலதான். பிரிக்கும்போது லேசா ஒரு சந்தேகம் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"இன்னொண்ணு வாங்கிட்டேன்."

மேடையில் மின்மகான். வெள்ளை உடை, கழுத்தில் மாலையாகச் சார்ஜர் வயர். எங்கள் முறை வந்தது. அடுத்த முறைக்காரரான புகைப்படக்காரரும் எங்களோடு மேடையேறினார். தங்கையின் தேர்வைச் சொல்லி, மைக்கில் குழைந்தேன். அவர் பெட்டி மேல் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"புத்தம் புதுசும்மா இது. பச்சைக் குழந்தை. இன்னும் உலகத்தையே பார்க்கல. பொறுமையா இரு. தேர்வு என்ன, அடுத்த வருஷமும் வரும்."

அந்த "அடுத்த வருஷம்" என்ற வார்த்தையில்தான் அவர் தவறிழைத்தார். தங்கை ஒரே இழுப்பில் வெள்ளித்தாளைக் கிழித்தாள். அரங்கே "ஐயோ" என்றது. புகைப்படக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். அவள் லேப்டாப்பைக் கவிழ்த்து, பழசைக் கழற்றி, புதுசை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மின்மகான் அடக்கத்துடன் தலைகுனிந்தார்.

"இருங்க" என்றாள் தங்கை. "ஒவ்வொரு பேட்டரியும் தன்னை எத்தனை தடவை சார்ஜ் பண்ணியிருக்காங்கன்னு தனக்குள்ளயே எண்ணி வைச்சிருக்கும். புதுசுன்னா சைபர், மிஞ்சிப் போனா ஒண்ணு ரெண்டு." அந்த எண்ணைத் திரையில் வரவழைத்து, லேப்டாப்பைப் புகைப்படக்காரர் பக்கம் திருப்பினாள். "சத்தமா படிங்கண்ணே."

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு."

மின்மகானுக்கு வியர்க்கவில்லை. "அது போன ஜென்மத்துக் கணக்கும்மா."

அரங்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் அணைந்தது.

"பார்த்தீங்களா!" மின்மகான் விரலை நீட்டினார். "சந்தேகப்பட்டா, உயிர் போயிடுச்சு!" மறுபடி கைதட்டல். ஓடினாலும் அவர் பெருமை, நின்றாலும் அவர் பெருமை. இப்படி ஒரு தொழில் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

தங்கை குரலை உயர்த்தவில்லை. "சரிங்க ஐயா, சந்தேகம் என்னுதுதான். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பொருள் சரியில்லைன்னா எத்தனை நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாம்?"

மின்மகான் கழுத்து வயரைச் சரிசெய்தார். இரண்டு முறை வாங்கிய அனுபவசாலி பேசினார். "பதினஞ்சு நாளும்மா."

"பிரிக்கக் கூடாதது எத்தனை நாளுக்கு?"

"ஒரு மா..."

புகைப்படக்காரர் முடிக்கவில்லை. அரங்கில் யாரோ இருமினார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு தாள் கிழியும் சத்தம். அப்புறம் இரண்டு, அப்புறம் அரங்கு முழுக்க. லேப்டாப் கொண்டுவந்தவர்கள் மாட்டிப் பார்த்து, ஏலம் போடுவது போல எண்களைக் கூவினார்கள். எழுநூறு! ஆயிரத்து நாற்பது! ஒரு தையல்காரரின் பெட்டியில் எடைக்கு ஒரு மரக்கட்டை மட்டும் இருந்தது. அதற்கும் அவர் பெயரில் உயிரேற்றியிருந்தார்கள்.

மின்மகான் பின்வாசலுக்கு நழுவினார். புகைப்படக்காரர் முன்பே அங்கே போய் நின்றிருந்தார், இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் பேச.

அன்று மாலையே தங்கை வேறொரு தளத்தில், மாடல் எண்ணை மட்டும் கேட்கிற தளத்தில், பேட்டரி வாங்கினாள். வந்ததும் வாசலில் நின்றபடியே பிரித்தாள். எண்ணிக்கை சைபர்.

தேர்வன்று பாதியில் மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது. மூடிய கதவுக்கு வெளியே நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே விசைப்பலகைச் சத்தம் நிற்கவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தவள், வியர்வையில் குளித்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்னண்ணா, கரண்ட் போச்சா?"

ஐயா, அம்மா, "திறக்காதே" என்று எவனாவது ஒரு பெட்டியை நீட்டினால், அவன் முன்னாலேயே திறந்து பாருங்கள். "கேட்காதே" என்றால், அதையே முதலில் கேளுங்கள். சந்தேகப்பட்டதும் உயிரை விட்டுவிடுகிற பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் பொய்.