தீப்பற்றும் காலிப் பெட்டி

நான் என்ன கதையா கட்டுறேன் மாப்பிள்ளை? காலிப் பெட்டிக்குப் பயந்து ஒரு ஆபீஸே வெளியில நின்னுச்சுன்னா நின்னுச்சுதான். உங்க மச்சான் பொண்டாட்டியையே கேட்டுக்கோங்க.

அவ ஏர்போர்ட் சரக்கு ஷெட்டுல பார்சல் கட்டிக்கிட்டிருந்தா. பெயிண்ட், ஆசிட், பேட்டரின்னு வில்லங்கம் பிடிச்ச சாமானையெல்லாம் பிளேன்ல ஏத்தற மாதிரி கட்டணும். அதுக்கு அப்பப்போ டிரெயினிங் போய் பாஸ் பண்ணணும். பழைய சர்டிபிகேட் அன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது. பாஸானா வேலை, இல்லைன்னா வீடு. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் போனா.

வாத்தியார் டையெல்லாம் கட்டிக்கிட்டு வந்தார். நிஜச் சாமானை கிளாஸுக்குக் கொண்டு வந்தா ஆபத்தாச்சே! ஒரு காலி அட்டைப்பெட்டி மேல சிவப்பா நெருப்புப் படம் போட்ட லேபிளை ஒட்டி மேஜையில வச்சார். போதாத வேளை, பாதுகாப்பு அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"தீப்பற்றும் பொருள் இருக்கற ரூம்ல இத்தனை பேரா?"

"காலிப் பெட்டி சார்"ன்னா நம்ம மருமக.

"லேபிள் அப்படிச் சொல்லலையே."

எங்க பெரிய மாமனாரும் இப்படித்தான். நாயே வளர்க்காம 'நாய் ஜாக்கிரதை'ன்னு போர்டு மாட்டினார். தபால்காரர் வர்றதை நிறுத்தினார், பால்காரர் நிறுத்தினார், கடைசியில இவரே பின்வாசல் வழியா வர ஆரம்பிச்சுட்டார். அது கிடக்கட்டும்.

"லேபிளைக் கிழிச்சிடலாமா சார்?"

"அபாயத்தை மறைக்கறது அபாயத்தை விடப் பெரிய குத்தம்மா."

"அப்ப திறந்தாவது பாருங்க."

"முறையான பயிற்சி பெற்றவங்கதான் திறக்கணும்."

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தாங்க. அவர் டையைச் சரி பண்ணிக்கிட்டார். "எனக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் தகுதி. தொடறதுக்கு வேற கோர்ஸ்."

சாயங்காலம் வரைக்கும் இவ பழைய சர்டிபிகேட் செல்லுமே? இவளே திறந்து காட்டினா.

"பாருங்க சார், ஒண்ணுமே இல்ல."

அதிகாரிக்கு முகம் வெளுத்துப் போச்சு. "இல்லையா? அப்ப உள்ள இருந்தது எங்க போச்சு? கசிஞ்சிருக்கு!"

அவ்வளவுதான், மணி அடிச்சாங்க. மொத்த ஆபீஸும் பணியாளர் நலன் கருதி மரத்தடிக்கு ஓடுச்சு. பெட்டியைத் தலைமை அலுவலகத்துக்கே பிளேன்ல அனுப்பறதுன்னு முடிவாச்சு. யார் கட்டறது? இவதான். பஞ்சு வச்சு, பட்டை போட்டு, அம்புக்குறி ஒட்டி, கல்யாணப் பொண்ணை அலங்கரிக்கற மாதிரி கட்டினா. மத்தவங்க மரத்தடியில உக்காந்து இவ கையைப் பார்த்துப் பார்த்தே பரீட்சை எழுதி பாஸாயிட்டாங்க. இவளுக்கு ஆப்சென்ட்!

"நான் செஞ்சே காட்டினேனே சார்!"

"செய்யறதுக்கு மார்க் கிடையாதும்மா"ன்னார் வாத்தியார், ரொம்ப வருத்தமா.

அப்புறம் என்ன, வேலை போச்சு. தலைமை அலுவலகம் பெட்டியை வாங்கிக்கலை, தொடத் தகுதியான ஆள் அங்க இல்லையாம். அனுப்பினவ இவதானே, இன்னைக்குக் காலையில இங்க திரும்பி வந்துடுச்சு. கொண்டு வந்தவன் வாசல் கேட் பக்கத்துல வச்சுட்டு ஒரே ஓட்டம். படிச்சவங்க முட்டாள்தனத்தைப் பார்த்தீங்களா மாப்பிள்ளை?

அடடா, மழை தூறுதே. அம்மாடி, அந்தப் பெட்டியை உள்ள எடுத்துட்டு வாடி! நல்ல அட்டை, நனைஞ்சுடப் போகுது. நீங்க ஏன் மாப்பிள்ளை நாற்காலியை நகர்த்தறீங்க? காலிப் பெட்டிதான்... ஏ பொண்ணே, அடுப்புப் பக்கம் மட்டும் வச்சுடாதே!